கெட்டிக் காப்பு

கெட்டியா ஏன் இருக்கணும்? பாத்திரத்தில் அவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறோம். நேற்று சாயங்காலம் நான் கிளம்பும்போது குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது, அதில் எதைப் போட்டாலும் கெட்டியாக வழியில்லை, பிறகு ஏன் கலியமூர்த்தி அண்ணன் அப்படிச் சொன்னார்? கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுக்கிறது. சொறியக் கூடாது. சிரிக்க வேண்டும். எதிரே நாத்தனார் யாமினி என் செல்போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறாள். அவள் போனில் இடமில்லையாம், அண்ணி போனில்தான் படம் பளிச்சென்று விழுமாம். "அண்ணி, இங்க பாருங்க. போன் வந்தா நடுவுல கட்டாயிடுதுன்னு ஃப்ளைட் மோடுல போட்டுட்டேன்" என்கிறாள். போட்டுக்கொள் தாயே. கடலூர் பழைய டவுனில் ஒரு சின்ன ஹால், ஏசி இருக்கிறது என்று சொல்லி வாடகை வாங்கினார்கள், காற்று மட்டும் வரவில்லை. ராஜா ராணி நாடகத்தில் போடுகிற மாதிரி சிவப்பு நாற்காலி, அதில் ஏழு மாத வயிற்றோடு நான், வசுமதி, வயது முப்பத்து நான்கு, ரசாயனம் படித்தவள், ரசாயனத்தில் சம்பாதிப்பவள், இன்றைக்கு எனக்கு வளைகாப்பு. முதலில் அத்தை வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பைப் போட்டார். அப்புறம் பச்சை வளையல், அப்புறம் சிவப்பு. ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, கையில் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். காதருகே ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கத்துகிறது. என்னை இந்த நாற்காலியில் உட்கார வைக்கிற நேரம் பார்த்துத்தான் அண்ணன் எங்கள் ரசாயன யூனிட்டிலிருந்து போன் செய்தார். பாதி நாதஸ்வரம், பாதி அவர். "...ப்பு முழுசா போட்டாச்சு மேடம். நல்லா கெட்டியா" என்றார். "சரிண்ணே, சந்தோஷம். இனிமே ஒண்ணையும் தொட வேணாம், அப்படியே கிளறிக்கிட்டு இருக்கட்டும்" என்றேன். அதோடு போனை யாமினி வாங்கிக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் முடிந்தது. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதை மாதிரி உறுத்திக்கொண்டிருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது.

அமினோ அமிலத்துக்கு இரண்டு கை. யூனிட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு கை அமின், ஒரு கை அமிலம். இரண்டையும் சும்மா விட்டால் அது பக்கத்தில் இருக்கிற எதோடும் கை கோத்துக்கொள்ளும், தன்னைப் போன்ற இன்னொன்றோடும் கோத்துக்கொள்ளும், வரிசை கெட்டுத் தாறுமாறாகிவிடும். மருந்து செய்கிறவர்களுக்கு வரிசைதான் உயிர், இதற்கு அடுத்து இது என்று பாசி கோப்பது போலக் கோக்க வேண்டும். அதனால் அமின் கையை மட்டும் கொஞ்ச காலத்துக்குக் கட்டிப்போடுகிறோம். கட்டினபின் அது வெள்ளைத் தூள், ரவையைவிட நைசு, தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், காரம் பட்டால் அசையாது, வருஷக்கணக்கில் டப்பாவில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவர்கள் அதன் மற்ற கையில் வேலையை முடித்துக்கொண்டு, கடும் அமிலம் கொஞ்சம் விட்டால் போதும், கட்டு அவிழ்ந்து காற்றாகப் போய்விடும். ஆங்கிலத்தில் இதற்கு புரொடெக்‌ஷன் என்று பெயர். கட்டுகிற சரக்குக்கு போக் அன்ஹைட்ரைடு என்று பெயர், எங்கள் வாயில் வெறும் போக். அங்கேதான் வந்தது வினை. நான் சேர்ந்த புதிதில் ஒரு ஷிப்ட் இன்சார்ஜ் இண்டர்காமில் "போக் விடு" என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் காதில் "போக விடு" என்று விழுந்தது. பத்திரமாக அடி வால்வைத் திறந்து ஒரு பாட்ச் சரக்கு முழுவதையும் சாக்கடைக்குப் போக விட்டார். ஒரு வாரம் சிரித்தோம், அப்புறம் முதலாளி வந்தார், சிரிப்பு நின்றது. அன்றைக்கு நான்தான் எழுந்து, இங்கிலீஷே வேண்டாம் சார், காப்பு என்று சொல்லலாம் என்றேன். காப்பு போடு, காப்பு அவிழ். திருவிழாவுக்குக் கட்டுகிற காப்பு எல்லாருக்கும் தெரியும், போலீஸ் மாட்டுகிற காப்பும் சிலருக்குத் தெரியும், இதை யாரும் வேறு எதாகவும் கேட்க முடியாது. ஒட்டிக்கொண்டது. பட்டப்பேர் வைக்கிற மாதிரி ஒரு வார்த்தையை வைத்துவிட்டு அது ஊரில் புழங்குவதைக் கேட்கிறபோது வருகிற கர்வம் இருக்கிறதே, அது எனக்கு நிறையவே இருந்தது. இன்றைக்கு என் கைக்கே காப்பு. பிரசவம் ஆகிறவரை கழற்றக் கூடாதாம், ஆனதும் அவிழ்த்து, பிள்ளை எடுத்த கைக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். கொஞ்ச காலத்துக்குக் கட்டு, வேலை முடிந்ததும் அவிழ்ப்பு, அதே கணக்குதான். இதை அத்தையிடம் சொன்னால் சாமி காரியத்தில் உன் பாட்டிலைக் கொண்டுவராதே என்பார்.

"கைய நீட்டும்மா" என்கிறார் பெரிய மாமியார் முறை ஒருத்தர், பேர் மறந்துவிட்டது, பச்சை வளையல் ஏறுகிறது. போன தடவை இந்த நாற்காலி வரைக்கும் வரவில்லை. நான்காம் மாதத்திலேயே போய்விட்டது. டாக்டர் அது யார் குற்றமும் இல்லை என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் மட்டும் ராத்திரியெல்லாம் எந்தப் பாட்டிலை எந்த மாதம் திறந்தேன் என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். போக் குளிர் அறையில் இருக்கும்வரை உறைந்த நெய் மாதிரி சாது, கைச்சூடு பட்டாலே உருகும், உருகினால் அதன் ஆவியை மூச்சில் இழுக்கவே கூடாது, நுரையீரலை அரித்துவிடும். முகமூடி போட்டுத்தான் திறப்போம். போட்டுத்தான் திறந்தேன். எப்போதுமா? எப்போதும்தான். ஒருநாள் மூக்கு வேர்த்தது என்று விலக்கினேனே, அது இந்தப் பாட்டிலா, வேறா? அதனால் இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதுமே உள்ளே போவதை நிறுத்திவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி, ஒரு போன், அவ்வளவுதான் என் வேலை. கண்ணால் பார்த்துச் செய்ததையெல்லாம் இப்போது வாயால் செய்கிறேன். கலியமூர்த்தி அண்ணன் போன மாதம்தான் சரக்கு காயவைக்கிற டிரையர் பிரிவிலிருந்து எங்கள் பக்கம் மாற்றலாகி வந்தார். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார், உட்கார் என்றால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரமாட்டார். இந்த மாதிரி ஆள் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன். இன்னொரு கெமிஸ்ட் சென்னைக்குப் போயிருக்கிறார், சரக்கு இந்த வாரம் ஏறியாக வேண்டும், எனக்கு இன்றிலிருந்து லீவு. நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க மேடம், நான் பாத்துக்கறேன் என்றார். காலையில் எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "மேடம், வெதுவெதுப்புல வெச்சு பாட்டிலெல்லாம் உருகிடுச்சு. விட ஆரம்பிச்சிடவா?" "விடுங்கண்ணே, மெதுவா. முழுசா காப்பு போட்டதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." "சரிங்க மேடம்." இதில் எங்கே தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர் பாட்டில் என்றார். காப்பு என்று சொல்லவில்லை. அவருக்கு அந்த வார்த்தை தெரியுமா? அவருக்கு நான் இரண்டு கைக் கதையைச் சொன்னேனா?

சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் சொல்வேன். அவர் வந்த அன்றைக்கு எனக்கு வாந்தி, பாதியில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் சொன்னேனோ? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டியது ஞாபகம் இருக்கிறது, எதற்கு ஆட்டினார் என்பது ஞாபகம் இல்லை. "அண்ணி, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க, வீடியோவுல நல்லாவா இருக்கும்?" சிரிக்கிறேன். சிரித்தால் சந்தனம் வெடிக்கிறது. சமையல் கட்டிலிருந்து புளிசாதம் தாளிக்கிற வாசனை, வயிற்றுக்குள் ஒரு உதை, பிள்ளைக்குப் புளிசாதம் பிடிக்கும்போலிருக்கிறது. அத்தை என் பின்னால் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் எண்ணாத குறையாகப் பார்க்கிறார். காலையிலேயே சொல்லிவிட்டார். கடைசி வளையல் ஏறி ஆரத்தி எடுக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள். ஒரு வளையல்கூட உடையக் கூடாது, உடைந்தால்... வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை கிடையாது என்று கல்லூரியிலிருந்து சொல்லிவருகிறேன். ஆனால் இந்த ஒரு மணி நேரமாகக் கையை நாற்காலி விளிம்பில் படாமல் அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது யார்? நான்தான். தோள் வலிக்கிறது. வலிக்கட்டும். போன தடவை எந்தச் சடங்கும் இல்லாமல் போனதை இந்தக் கண்ணாடி வளையல்கள் பிடித்து வைக்கும் என்று யாராவது சொன்னால், இன்றைக்கு நான் மறுத்துப் பேசமாட்டேன்.

"மேடம், என்னத் தெரியுதா? கலியமூர்த்தி ஊட்டுக்காரி." குரல் கேட்டு நிமிர்கிறேன். ஒல்லியாக, ஊதாப் பட்டு, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் ஈரமாக இருக்கிறது. அஞ்சலாட்சி. பத்திரிகை கொடுத்தபோது அண்ணன் பேரைச் சொன்னார், முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். "தெரியாமலா, வாங்க வாங்க. அண்ணன்தான் வர முடியாமப் போச்சு." "அவுரு எங்க மேடம் வர்றது? இன்னிக்கு நான் இல்லன்னா மேடத்துக்கு வேலையே ஓடாதுன்னு சட்டையக்கூட இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுப் போனாரு. எடத்த வுட்டு நகரமாட்டாரு. பெரியவளுக்குப் பரீட்ச ரிசல்ட்டு வந்தன்னிக்குக்கூட அந்த ஸ்டூலு மேலயே உக்காந்துட்டு வந்தாரு." அவள் பெருமையாகத்தான் சொல்கிறாள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பையிலிருந்து ஒரு சின்ன காகிதப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், சிவப்பு வளையல், ஓரத்தில் பொன் பூச்சு, பாதிரிக்குப்பம் தாண்டி ஒரு கடையில் தேடி வாங்கினாளாம். வலது கையைப் பிடிக்கிறாள். அவள் விரல் சூடாக, சொரசொரப்பாக இருக்கிறது. வளையல் விரல் முட்டியில் நிற்கிறது. "ஐய, கைய ஏன் மேடம் இவ்ளோ கெட்டியா வெச்சிக்கிறீங்க? கெட்டியா வெச்சா எப்படிப் போறது? ஒடஞ்சிரும். தளர விடுங்க." கெட்டியா. கெட்டியா. கஞ்சி கெட்டியாக இருப்பது ஒன்று, கை கெட்டியாக இருப்பது ஒன்று. பிடி கெட்டி. முடிச்சு கெட்டி. மூடி கெட்டி. நல்லா கெட்டியா என்றாரே, அது குழம்பின் கெட்டி இல்லை, திருகின் கெட்டி. இறுக்கமாக என்று சொன்னார். எதை இறுக்கினார்? என்னவோ 'ப்பு', முழுசா போட்டாச்சு, நல்லா கெட்டியா. காப்பு இல்லை. கேப்பு. கேப்பு முழுசா போட்டாச்சு மேடம், நல்லா கெட்டியா.

பாத்திரத்தின் தலையில் ஒரு கழுத்து இருக்கிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பித் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும், காப்பு போடும்போது பிறக்கிற காற்று அந்த வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும். சோடா பாட்டிலைத் திறந்தால் வருகிற அதே காற்றுதான், விஷம் ஒன்றும் இல்லை, வழி விட்டால் சாது. வேலை இல்லாத ராத்திரிகளில் தூசி விழாமல் இருக்கக் குழாயைக் கழற்றிவிட்டு அந்தக் கழுத்தை ஒரு வெள்ளை மூடியால் மூடி, மேலே கிளாம்ப் போட்டு இறுக்கி வைப்போம். மூடி சங்கிலியில் பக்கத்திலேயே தொங்கும். யூனிட்டில் யாரும் அதை மூடி என்று சொல்வதில்லை. கேப்பு. டிரையரில் இருந்து வந்த மனுஷனுக்குக் காப்பு தெரியாது, கேப்பு தெரியும், அது கண்ணெதிரே தொங்குகிறது. முழுசா கேப்பு போட்டதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கும். சொன்னார். நான் சந்தோஷம் என்றேன். ஒன்றையும் தொட வேணாம் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும், ஆனால் இங்கே வாய் என்னுடையது, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது அவர். இரும்புப் பாத்திரமாக இருந்தால் தாங்கும். இது கண்ணாடி, என் உயரம் கண்ணாடி, உள்ளே கிளறுவது தெரிய வேண்டும் என்று நான்தான் இந்தப் பாட்சுக்கு அதைக் கேட்டு வாங்கினேன். விசில் அடைத்த குக்கர் என்றால்கூட அலுமினியம். இல்லை, இரு. பதறாதே. முதலில் காற்று அதிகம் வராது, குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் வரும். ஆனால் மணி என்ன, வெயில் ஏறிவிட்டது, சித்திரை வெயில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எதுவும் குளிர்ந்து கிடக்காது. குமிழ் வரவில்லை என்று அவரே பார்ப்பார். பார்த்தால்? குமிழ் வர வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருவேளை காப்பு என்றே சொல்லியிருக்கலாம். கா என்றாரா, கே என்றாரா? நாதஸ்வரம் தின்றுவிட்டது. நான் படித்தவள், ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு கையைப் பிசைகிறேன்.

எழுந்திருக்க வேண்டும். எழுந்து யாமினியிடமிருந்து போனைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதானே. கால் எழவில்லை. அஞ்சலாட்சி என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டு, உள்ளங்கையைக் குவித்து, வளையலை முட்டியைத் தாண்டி மெல்ல ஏற்றுகிறாள். எழுந்தால் அது உடையும். உடைந்தால் அத்தை முந்தானையால் வாயைத் துடைப்பார். அப்புறம் பிரசவம் வரை அந்த முகத்தைத் தினம் பார்க்க வேண்டும், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஆயுசு பூராவும். ஏதாவது ஒன்று. என் வயிற்றுக்குள் இருப்பது உதைக்கிறது. எனக்கு இது வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், இது வேண்டும். வீணாக எழுந்து நாலு பேர் முன்னால் நாடகம் போட்டு, அங்கே போன் செய்தால் அவர் "என்னா மேடம், எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கு" என்பார். அப்புறம் இந்த உடைந்த வளையலுக்கு யார் பதில் சொல்வது? இன்னும் ஏழெட்டுப் பேர்தான் வரிசையில். ஆரத்தி எடுத்ததும் பேசிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும்? என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும், இந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதுதான் கேவலம். அஞ்சலாட்சி குனிந்திருக்கிறாள். அவள் கையிலும் வளையல் இருக்கிறது, சாதாரணப் பச்சைக் கண்ணாடி, இரண்டு பக்கமும் தங்க முலாம் வளையல் காவலுக்கு. தாலிக்கயிற்று மஞ்சள் அவள் கழுத்தில் கோடாக இறங்கியிருக்கிறது, இன்று காலையில்தான் மாற்றியிருப்பாள். ஆரத்தி வரைக்கும் காத்திருக்கலாம் என்று நினைத்தேனே, யாருடைய புருஷனை வைத்து நினைத்தேன்? வெட்கமாக இருந்தது, நிஜமாகவே காது மடல் சுட்டது. "அஞ்சலாட்சி, உங்க போன் இருக்கா?" "இருக்கு மேடம்." "குடுங்க. சீக்கிரம்." எழுந்துவிட்டேன். வளையல் மணிக்கட்டுக்கு நழுவி விழுந்து மற்றதோடு மோதியது, உடையவில்லை. மடியிலிருந்த தாம்பூலம் உருண்டது. "வசு! என்னம்மா இது, எழுந்திரிக்காத, உக்காரு. பதறாத காரியம் சிதறாது." "யூனிட்டுக்கு ஒரு போன் அத்தை, ஒரே ஒரு போன்." யாமினி இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கை கழுவுகிற தொட்டிகள் வரிசையாக இருக்கிற நடையில் ஸ்பீக்கர் சத்தம் கொஞ்சம் குறைவு. பிரிவுக்குள் செல்போன் கூடாது, சுவரில் தொங்குகிற பழைய போன்தான், பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது, நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். அந்த நம்பர் மனப்பாடம். விரல் சந்தனத்தில் வழுக்கி ஒரு தடவை தப்பாகப் போட்டு, மறுபடி போட்டேன். அடிக்கிறது. எடுங்கண்ணே. வெளியே டீ குடிக்கப் போயிருங்கண்ணே, ஒரு நாள், இன்னிக்கு ஒரு நாள் சொன்னதைக் கேக்காம இருங்கண்ணே. அடிக்கிறது. எடுத்துவிட்டார். "அலோ." அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணே, வசுமதி. என்னண்ணே பின்னால சத்தம்?" "தெரியல மேடம். மேல எங்கியோ விசிலு மாதிரி சன்னமா வருது. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்." "கேப்பு போட்டிருக்கீங்களா?" "ஆமா மேடம். நீங்கதான சொன்னீங்க. கெட்டியா போட்டிருக்கேன்." "ஐயோ, அது கேப்பு இல்லண்ணே, காப்பு. கேப்பு போடவே கூடாது..." "அடடா." அந்த சன்னமான விசில் மட்டும் கேட்டது. ஓடுங்க என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். முதல் வார்த்தையே அதுவாக இருந்திருக்க வேண்டும், நான் வார்த்தையைத் திருத்திக்கொண்டிருந்தேன். "இருங்க மேடம், ஒரே நிமிஷம், கழட்டிட்டு வந்துடறேன்." "வேணாம்ணே! கிட்ட போகாதீங்க! தொடாதீங்க, வெளிய போங்க, வெளிய..." ரிசீவரை மேஜையில் வைத்த 'டொக்' சத்தம் கேட்டது. நான் மேஜையோடு கத்திக்கொண்டிருக்கிறேன். ரப்பர் பூட்ஸ் சத்தம் போகிறது, நிதானமாக, பொறுப்பாக. ஏணிப் படி. சங்கிலி ஒரு தடவை சிணுங்கியது.

அந்தச் சத்தத்தை வேறு எதனுடைய சத்தம் என்றும் என்னால் நினைத்துக்கொள்ள முடியவில்லை. பெரிய சத்தமாகக்கூட இல்லை, போனின் சின்ன ஓட்டை வழியாக வந்ததால் யாரோ ஒரு கூடை வளையலை அப்படியே தரையில் கொட்டியது போலத்தான் கேட்டது. அப்புறம் தண்ணீர் வழிகிற சத்தம். நான் கத்தியதும் என் கை தொட்டியின் விளிம்பில் மோதியதும் எனக்கே தெரியாது. ஹாலில் நாதஸ்வரம் நின்றது. "அண்ணே" என்று போனுக்குள் கூப்பிட்டேன். "அண்ணே. கலியமூர்த்தி அண்ணே." தண்ணீர் மட்டும் வழிந்தது. எல்லாரும் ஓடிவருகிறார்கள், எல்லாருக்கும் முன்னால் அஞ்சலாட்சி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகம் வெளுத்து. வந்ததும் என் வலது கையைப் பிடித்தாள். வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைவரை தள்ளி, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். இடது கையைப் பிடித்து, போன் இருக்கிற கையென்றும் பார்க்காமல், அதையும் அப்படியே பார்த்தாள். பின்னால் வந்த அத்தைக்குக் கேட்க வேண்டுமென்று உரக்க மூச்சு விட்டாள். பிறகு தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க மேடம். ஒண்ணும் ஒடையல, பாருங்க. எல்லாம் முழுசா இருக்கு."